ஒரு வாட்டுக்கும் இரண்டு கோடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லைசென்ஸ் இல்லாமல் எஃப்.எம். நடத்துகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, அதை ஒட்டியே விமானங்களுக்கான அலைவரிசைகள் தொடங்கிவிடுகின்றன. வீட்டு மேஜையில் சால்டரிங் வைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டரில் ஃபில்டர் சரியாக இருக்காது, டிரான்சிஸ்டர் சூடேறச் சூடேற அலைவரிசை நகரும், நாம் வைத்த இடத்தில் நிற்காமல் வேறு இடங்களிலும் கசியும். விமானியும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்கிற இடத்தில் குத்துப்பாட்டு நுழைந்தால் அது விளையாட்டு இல்லை. எச்சரித்தும் கேட்காமல் அப்படிச் செய்கிறவரைச் சிறையில் போட்டால் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் சட்டம் அவரை மட்டுமா குறிவைக்கிறது? பழைய 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் சேவை நடத்துவதற்கு சிறை அதே 3 ஆண்டுதான், அபராதம் மட்டும் 2 கோடி வரை ஏறிவிட்டது. அது உச்சவரம்புதான், எல்லாருக்கும் அவ்வளவு போட மாட்டார்கள், சரி. ஆனாலும் கருவியின் சக்தி எத்தனை வாட், யாருக்கு இடைஞ்சல் என்று பிரித்துப் பார்க்கும் படிநிலை எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

பீகாரில் வைசாலி மாவட்டம் மன்சூர்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஓர் இளைஞர், சில்லறைக் காசில் கருவி செய்து, மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி ஊருக்கே ஒலிபரப்பினார். பாட்டோடு போலியோ, எச்.ஐ.வி. பற்றிய தகவலும் சொன்னார். 2006-ல் மூடிவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், அவரால் வாங்கவே முடியாது! அந்த ஆண்டு நவம்பரில் சமுதாய வானொலி, அதாவது ஒரு பகுதி மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடத்தும் சிறு வானொலிக்கான விதிகளைத் தளர்த்தியபோதுகூட தொண்டு நிறுவனங்களுக்குத்தான் கதவு திறந்தது, தனிநபருக்கு இல்லை. பாம்பன் கடல் ஓசை மாதிரி நல்ல நிலையங்கள் அந்த வழியில் வந்தன, மறுக்கவில்லை. அதே வழி ரிப்பேர் கடைக்காரருக்குக் கிடையாதே.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுச்சொத்து என்றால் காவல் காக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதில் பொதுமக்களுக்கு ஒரு ஓரமாவது விட வேண்டாமா? நியூசிலாந்தில் குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் 1 வாட் வரை தனி லைசென்ஸ் வாங்காமலே ஒலிபரப்பலாம், பொது விதிகளுக்கு உட்பட்டால் போதும். இங்கே திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலையில் ஊரையே எழுப்புகிறவருக்கு 2 கோடி என்று யாரும் சொல்வதில்லை, அது வேறு கதை.

முதல் முறை பிடிபட்டால் கருவியைப் பறிமுதல் செய்து எழுத்தில் எச்சரிக்கை கொடுக்கட்டும். மறுபடியும் செய்தால் வாட் கணக்குப் பார்த்து அபராதம் போடட்டும். விமானம், காவல்துறை, மீட்புப் பணி அலைவரிசைகளைத் தெரிந்தே கெடுத்தவருக்கு மட்டும் சிறை. கூடவே 1 வாட்டுக்குள் தனிநபர் ஒலிபரப்ப ஒரு எளிய பதிவு முறையையும் கொண்டுவர வேண்டும், அதுவரை இந்த 2 கோடியை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி