பிளக் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்: பழைய நம்பருக்கு இன்றைய நம்பர் எது?

வணக்கம்.

இந்தியாவில் ஸ்பார்க் பிளக் தயாரித்து விற்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். புல்லட், யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத், ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் சொன்ன பிளக் நம்பர் எது, இன்று உங்கள் சரக்கில் அதற்குச் சமமானது எது என்று ஒரு அட்டை அச்சடித்துக் கொடுங்கள். தமிழிலும் வேண்டும். உதிரிபாகக் கடைச் சுவரில் ஒட்டுகிற அளவில் இருந்தால் போதும்.

இதெல்லாம் கேட்லாக்கில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை வைத்திருப்பவர் அதைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. "பழைய புல்லட்டாண்ணே? இந்தாங்க" என்று ஒன்றை எடுத்துப் போடுவார், அது இன்ஜின் ஹெட்டில் ஏறிவிட்டால் சரியான பிளக்தான் என்று நாமும் வந்துவிடுவோம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 14 மில்லிமீட்டர் மரைதான், அதனால் தப்பான பிளக்கும் தடையில்லாமல் ஏறிவிடும்.

குழப்பத்துக்கு முதல் காரணம் ஹீட் ரேஞ்ச் நம்பர், அதாவது பிளக் முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதன் அளவு. வேகமாகக் கடத்துவது கோல்டு, மெதுவாகக் கடத்துவது ஹாட். பழைய மைகோ பாஷ் பிளக்குகளில் டபிள்யூ 145, டபிள்யூ 175, டபிள்யூ 225 என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற பிளக் கோல்டு. பிறகு பாஷ் நம்பரை மாற்றியது. 145 என்பது 8 ஆனது, 175 என்பது 7 ஆனது, 225 என்பது 5 ஆனது, அதாவது இப்போது நம்பர் இறங்க இறங்கத்தான் கோல்டு. சாம்பியன் கம்பெனி பிளக்கிலும் அப்படித்தான், பெரிய நம்பர் ஹாட். என்ஜிகே கம்பெனி பிளக்கில் தலைகீழ், பெரிய நம்பர்தான் கோல்டு. இது தெரியாமல், பாஷில் 5 போட்டிருந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு என்ஜிகேவிலும் 5 கேட்டு வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? பாஷ் 5 கிட்டத்தட்ட என்ஜிகே 8-க்குச் சமம். நாம் மாட்டியது மூன்று படி ஹாட்டான பிளக். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, சொல்லப்போனால் ஸ்டார்டிங் நன்றாகவே இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் முறுக்கினால் பிளக் முனை பழுத்து, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்து, பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும். 1996இல் உற்பத்தி நின்றுபோன யெஸ்டிக்கு நல்ல பிஸ்டன் தேடி அலைகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு நம்பர் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள்.

அடுத்தது மரையின் நீளம். 12.7 மில்லிமீட்டர் ஒன்று, 19 மில்லிமீட்டர் ஒன்று. என்ஜிகேவில் எச் என்றால் குட்டை, ஈ என்றால் நீளம். பாஷில் ஏ, பி குட்டை, சி, டி நீளம். குட்டை பிளக் போட வேண்டிய ஹெட்டில் நீள பிளக்கை இறக்கினால் பிஸ்டன் முட்டலாம். முட்டாவிட்டாலும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கார்பன் பிடித்து இறுகிவிடும், அடுத்த முறை கழற்றும்போது அலுமினிய ஹெட்டின் மரையையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும். அப்புறம் லேத் பட்டறைக்கு ஓடி, புது மரை உள்ள புஷ் போட வேண்டியதுதான். கடையில் பழைய பிளக்கையும் புதியதையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடுகிற விஷயம் இது. ஆனால் பழைய பிளக்கே ஏற்கெனவே தப்பானதாக இருந்தால்? பல கை மாறிய வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் கதை. அட்டை கேட்பதும் அதனால்தான்.

ரேடியோ இரைச்சலைத் தடுக்க உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் பிளக் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய வண்டிகளுக்கு அது அவசியம், புரிகிறது. 6 வோல்ட் காயிலும், மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் பாயின்ட்டும் வைத்த பழைய வண்டியில், பிளக் தொப்பியிலும் ரெசிஸ்டர், பிளக்கிலும் ரெசிஸ்டர் என்று இரண்டும் சேர்ந்தால் ஏற்கெனவே சோனியான பொறி இன்னும் சோனியாகும். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் போய்விடும். பிளக் முனையின் இடைவெளியை 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டருக்கு வைத்து ஓரளவு சமாளிக்கலாம், முழுசாகச் சரியாகாது. ரெசிஸ்டர் இல்லாத குட்டை பிளக்கை, எவ்வளவு குறைவாக விற்றாலும், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் போய்விட்டது, இப்போது 20 சதவீதம் எத்தனால். ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றாத பழைய கார்புரேட்டரில் இந்தப் பெட்ரோல், காற்றோடு சேரும் கலவையை மெலியச் செய்கிறது, அதாவது காற்றின் பங்கு கூடிவிடுகிறது. பிளக்கைக் கழற்றினால் முன்பு காப்பிப்பொடி நிறத்தில் இருந்த முனை இப்போது வெளுத்துத் தெரிகிறது. உடனே ஒரு படி கோல்டு பிளக்குக்குப் போகிறார் மெக்கானிக். பல வண்டிகளில் மாற்ற வேண்டியது ஜெட்டை, பிளக்கை இல்லை. இதையும் அந்த அட்டையின் அடியில் இரண்டு வரியில் எழுதுங்கள். எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள் சொன்னால் கேட்காதவர்கள்கூட கம்பெனி சொன்னால் கேட்பார்கள்.

போலியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. போன வருடம் ஒரு கடையில் வாங்கிய பிளக், டப்பா அச்சு அசல். வாஷர் மட்டும் விரலால் சுற்றியதும் கழன்று கையோடு வந்துவிட்டது. நல்ல பிளக்கில் அது அப்படி வராது. டார்ச் அடித்துப் பார்த்தால் நடு எலக்ட்ரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மரை விளிம்பு நகத்தில் உரசியது. எனக்கு இதைப் பார்க்கத் தெரியும், அதனால் மாட்டவில்லை. அப்பாவின் புல்லட்டை முதல் தடவையாகத் தூசி தட்டி எடுக்கிற பையனுக்கு யார் சொல்லித்தருவார்கள்? நல்லதையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு படம் எடுத்து அட்டையின் பின்பக்கம் போடுங்கள்.

எந்த வண்டிக்கு எந்த நம்பர் என்று சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால், பழைய ஓனர் மேனுவலைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் சென்னை, கோவை, மதுரை என்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். முதலில் புல்லட்டுக்கும் யெஸ்டிக்கும் மட்டுமாவது அச்சடியுங்கள். எந்த மாதம் கடைக்கு வரும், டீலரிடம் என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெரிவித்தால் போதும், கடை கடையாகப் போய் ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.