அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள புரொபசருக்கு,

இப்போது நிஜமாகவே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாய், இனி இந்தப் பெயரைக் கேலி என்று நீ கோபித்துக்கொள்ள முடியாது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவுக்கு முட்டிவலி தேவலை. ஒட்டடைக்குச்சி போன வாரம் கூப்பிட்டான், பழைய கதைதான், நேரில் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு பதிப்பகம் உனக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆய்வேட்டை அப்படியே கொடுத்தால் சில வாரங்களில் புத்தகமாக்கித் தருகிறோம் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையெழுத்துப் போடாதே. உன் ஆய்வேட்டில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் "தங்கள் அரிய ஆய்வு" என்று எழுதுகிறவர்கள் புதிதாகப் பட்டம் வாங்கிய எல்லோருக்கும் அதையேதான் அனுப்புகிறார்கள். ஐஎஸ்பிஎன் எண் தருவார்களாம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். டேய், அது புத்தகத்தை அடையாளம் காண ஓர் எண், அவ்வளவுதான், உள்ளே இருப்பது சரியா தப்பா என்று யாரும் பார்த்ததற்கு அது சாட்சி இல்லை. பதிப்புரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நல்ல இடம் ஒன்று கேட்கும்போது உன் கையில் என்ன இருக்கும்?

பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் புது நூல் பட்டியல் வரும்போதெல்லாம் நான் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்ப்பது உனக்குத் தெரியும். புத்தகம் கைக்கு வந்தால் முதலில் நன்றியுரையைத்தான் படிப்பேன். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு வரி இருக்கும்: பெயர் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு நன்றி. அந்தத் துறையிலேயே ஊறிய இரண்டு பேர் மொத்தக் கையெழுத்துப்படியையும் படித்து, இந்த வாதம் நிற்கவில்லை, இந்த ஆவணத்தை நீங்கள் பார்க்கவே இல்லையே, இந்த இயல் எதற்கு என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆசிரியர் அதற்குப் பதில் எழுதி, திருத்தி, அப்புறம்தான் அது பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் குழுவுக்குப் போகும். கேம்பிரிட்ஜில் அவர்களுக்கு சிண்டிக்ஸ் என்று பெயர், ஆக்ஸ்ஃபோர்டில் டெலிகேட்ஸ். அவர்கள் சரி என்றால்தான் பல்கலைக்கழகத்தின் பெயர் புத்தகத்தின் முதுகில் ஏறும். கேம்பிரிட்ஜுக்கு அச்சிடும் உரிமை 1534இல் எட்டாம் ஹென்றி கொடுத்தது, முதல் புத்தகம் வந்ததோ 1584இல். உனக்கோ சில வாரத்திலேயே புத்தகம் வேண்டும்!

சரி, கேலி போதும். உன் நான்காம் இயல், அந்த உப்பு வரிக் கணக்குகளை வைத்து எழுதியது, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட இயலுக்கு முன்னால் அறுபது பக்கத்துக்கு "முன்னாய்வுகள்" என்று ஒரு மதில் நிற்கிறது. ஒவ்வொரு இயலும் "இவ்வியலின் நோக்கமாகும்" என்று தொடங்கி "என்பது இதனால் அறியலாகிறது" என்று முடிகிறது. தேர்வாளர்களுக்கு அது வேண்டியிருந்தது, வாசகனுக்கு வேண்டாம். முன்னாய்வுகளில் முக்கால்வாசியைத் தூக்கிவிட்டு, தேவையானதை அடிக்குறிப்புக்குத் தள்ளு. நான்காம் இயலில் ஒளித்து வைத்திருக்கும் வாதத்தை முதல் பத்துப் பக்கத்துக்குள் சொல். ஆய்வேடு, எழுதியவனுக்கு விஷயம் தெரியும் என்று நிரூபித்தால் போதும். புத்தகம் அப்படியில்லை, அறியாத ஒருவனைக் கடைசிப் பக்கம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எந்தப் பதிப்பகம் என்று தவிக்காதே. உன் நூற்பட்டியலையே எடுத்து, நீ திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டிய புத்தகங்களை யார் போட்டிருக்கிறார்கள் என்று பார். அந்தப் பதிப்பகத்தில் உன் துறையைக் கவனிக்கும் பதிப்பாசிரியர் யார் என்று தேடி, முன்மொழிவு மட்டும் அனுப்பு: புத்தகம் என்ன சொல்கிறது, யார் படிப்பார்கள், ஏற்கெனவே இருக்கும் நூல்களிலிருந்து எங்கே விலகுகிறது, இயல்வாரியாகச் சுருக்கம், எத்தனை சொல், எப்போது முடியும். கூடவே மாதிரிக்கு ஓர் இயல். ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகலாம். மெய்ப்புப் பார்ப்பதும் பொருளடைவு போடுவதும் பெரும்பாலும் உன் தலையில்தான் விழும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்ட இன்னொன்று: இத்தனை பாடுபட்டும் சில நூறு பிரதிதான் போகும், அதுவும் நூலகங்களுக்கு, விலையோ யாரும் தொட முடியாதபடி இருக்கும், பிறகு யார் படிப்பார்கள்? எனக்கும் அந்த வருத்தம் நிறைய உண்டு. எழுதியவரே தன் நண்பர்களுக்கு வாங்கித் தர முடியாத விலையில் அறிவை வைப்பது சரியில்லை. ஆனால் அந்தக் கதவு திறக்கத் தொடங்கிவிட்டது. லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜின் பதிப்பகமான யூசிஎல் பிரஸ் 2015இல் தொடங்கும்போதே புத்தகங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்தது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பதிப்பகமான எம்ஐடி பிரஸ் 2021இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது, நூலகங்கள் கூட்டாகப் பணம் கட்டினால் அந்த ஆண்டின் ஆய்வு நூல்கள் உலகத்துக்கே திறந்துவிடும், ஆசிரியர் ஒரு காசு கட்ட வேண்டாம். இவற்றிலும் அதே மாதிரி மதிப்பீட்டாளர்கள், அதே மாதிரி குழு, தரத்தில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை. முன்மொழிவு அனுப்பும்போதே இப்படி இலவசமாகத் திறந்து வைக்கும் திறந்த அணுக்கத்துக்கு வழி இருக்கிறதா என்று கேட்டுவிடு, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த மின்னஞ்சலுக்கு "வேண்டாம், நன்றி" என்று இன்றே பதில் போடு. முன்னுரையைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு, சிவப்பு மையில் கிறுக்கித்தான் தருவேன், அழக்கூடாது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
குட்டை