‘துணிந்து பேசுங்கள்’ என்று எழுதுவது சுலபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தலையங்கத்தில், பள்ளியில் பாலியல் தொல்லை நடந்தால் மாணவிகள் தயக்கத்தை உதறிவிட்டுத் துணிந்து பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல வரி, பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதிப் போடலாம்.

நான் தையல்காரி. இருபத்தாறு வருடமாகப் பள்ளி யூனிபார்ம் தைக்கிறேன். ஜூனில் அளவு கொடுத்துவிட்டுப் போன பிள்ளை அக்டோபரில் தனியாக வந்து, “அத்தை, ஓவர்கோட்டை ஒரு இஞ்ச் பிரிச்சு லூசாக்கிக் குடுங்க, கழுத்தையும் மேலே ஏத்திடுங்க” என்று கேட்கும். உடம்பு போட்டிருக்கிறாளோ என்று டேப் வைத்துப் பார்த்தால் அதே ஜூன் மாத அளவுதான். ஏன்டி என்றால் “சும்மாதான் அத்தை”. இந்த மாதிரி எத்தனை ஓவர்கோட்டைப் பிரித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

துணிந்து பேசியவள் கதை வேண்டுமானால் என்னுடையதையே சொல்கிறேன். 1989, ஒன்பதாம் வகுப்பு. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு வாத்தியார் எங்களை ஒவ்வொருத்தியாக லேபுக்குக் கூப்பிடுவார், மேலே எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொன்னேன். “நீ ஏன் தனியாப் போனே?” என்றார். வீட்டில் அம்மா வாயைப் பொத்தினாள், அப்பாவுக்கு டீக்கடையில் யாரோ சொல்லி, அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. வாத்தியாருக்குப் பக்கத்துத் தாலுகாவுக்கு மாறுதல் கிடைத்தது, அங்கேயும் பெண் பிள்ளைகள்தான் படித்தார்கள். சில வருடம் முன்பு அவருடைய பணி நிறைவு விழாப் படம் சால்வையும் மாலையுமாக உங்கள் மாவட்டப் பக்கத்திலேயே வந்தது.

இப்போது சட்டம் இருக்கிறது என்பீர்கள். சரி, 2012-ல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாத பள்ளித் தலைமைக்கு ஒரு வருடம் வரை ஜெயில் என்றும் அதில் இருக்கிறது. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடந்த தனியார் பள்ளியில், முகாமில் நடந்த பாலியல் தொல்லையைப் பிள்ளைகள் நிர்வாகத்திடம் சொல்லத்தான் செய்தார்கள். பெரிதுபடுத்த வேண்டாம் என்று அவர்களுக்குப் பதில் வந்ததாகப் போலீசே சொன்னது, நீங்களும் போட்டீர்கள். பிள்ளைகள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? பிளஸ் டூவில் செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10 மார்க்கு யார் கையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். சொன்னால் வீட்டில் முதலில் போனைப் பிடுங்குவார்கள், பிறகு சைக்கிளை, பிறகு மாமன் மகன் ஜாதகத்தை எடுப்பார்கள் என்பதும் தெரியும். பள்ளியில் புகார் எழுதிப் போட ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதே என்று ஒருத்தியிடம் கேட்டேன். “அது எச்.எம். ரூம் வாசல்ல இருக்கு அத்தை, கையெழுத்தைப் பார்த்தாலே யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க” என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிற கணக்கு தலையங்கம் எழுதுகிறவருக்கு இல்லை.

உங்கள் பேப்பரையும் சொல்லத்தான் வேண்டும். “மாணவியிடம் சில்மிஷம்: ஆசிரியர் கைது.” சில்மிஷமா சார்? பால் பாத்திரத்தை உருட்டிய பூனையா அவர்? பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் படம் வேறு, தப்பு செய்தவள் மாதிரி. ஒருமுறைகூட வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் காணோம். பெயர் போடவில்லை என்று பெருமை, ஆனால் ஊர், வகுப்பு, அப்பா லாரி டிரைவர், அண்ணன் ஐ.டி.ஐ. என்று எல்லாம் இருக்கும். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு பெயர் எதற்கு? போக்சோவின் 23-ஆவது பிரிவில் குடும்ப விவரம், பள்ளி, குடியிருக்கும் இடம் எதையும் போடக்கூடாது என்று இருப்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும். இதைப் பற்றி மூன்று வருடம் முன்பே எழுதினேன், பதில் இல்லை. குறுக்கெழுத்தில் விடை தப்பு என்று எழுதினால் மட்டும் அடுத்த வாரமே போடுகிறீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். இனிமேல் அந்தச் சில்மிஷம் வேண்டாம். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் அடியில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். வாக்குமூலம் வாங்கக் கூடியவரை பெண் எஸ்.ஐ.தான், யூனிபார்ம் போடாமல், வீட்டுக்கோ பிள்ளை சொல்கிற இடத்துக்கோ வர வேண்டும் என்பது விதி என்றும் ஒரு வரி சேருங்கள், ஜீப் வந்து வாசலில் நிற்கும் என்று பயந்தே பாதி அம்மாக்கள் வாயைத் திறப்பதில்லை. தங்க விலைக்குத் தினமும் இடம் கிடைக்கிறது, இதற்கு நாலு வரி கிடைக்காதா?

கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். ஊரும் வேண்டாம். தையல்காரி என்று மட்டும் போடுங்கள், கடைக்கு வருகிற பிள்ளைகள் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி