ரயில் நிலையம் பார்க்கப் போகிறவர்கள் அளவு டேப்பும் எடுத்துப் போகட்டும்

ஆசிரியருக்கு,

தஞ்சாவூர்–மயிலாடுதுறை, தஞ்சாவூர்–திருவாரூர் தடங்களில் உள்ள சிறு ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வாசகர்கள் எழுதும் குறிப்புகளை உங்கள் பக்கங்களில் படித்து வருகிறோம். வேப்பமர நிழல், மஞ்சள் பெயர்ப்பலகை, அதன் அடியில் எழுதிய கடல்மட்ட உயரம், சுவரில் புதுப் பெயின்ட் எல்லாம் தவறாமல் வந்துவிடுகின்றன. ரயில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஜனங்கள் எப்படி ஏறி இறங்குகிறார்கள் என்பது மட்டும் வருவதில்லை. ரயில் இல்லாத நேரத்தில் பைக்கில் போய்த் திரும்பினால் அது கண்ணில் படாது.

முதலில் பார்க்க வேண்டியது நடைமேடையின் உயரம். அகலப் பாதையில் (பிராட் கேஜ்) உயர நடைமேடை என்றால் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. இருக்க வேண்டும். நடுத்தர உயரம் 455 மி.மீ. தண்டவாள மட்டத்திலேயே தரை இருக்கும் நிலையங்களும் உண்டு. பெட்டியின் தளமோ ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. இதை அளக்கப் பாதையில் இறங்கவே கூடாது. ஆபத்து மட்டுமல்ல, சட்டப்படி குற்றமும்கூட. ரயில் நன்றாக நின்றதும் நடைமேடைத் தரைக்கும் கதவடித் தளத்துக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் போதும். 40, 50 செ.மீ. வந்தால் சரி. 80ஐ நெருங்கினால் கீரைக்கூடையோடு சந்தைக்குப் போகிற அம்மா கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டும். ஒருவர் அளக்க, ஒருவர் எழுத வேண்டும். ஹாரன் கேட்ட பிறகு டேப்பை நீட்ட வேண்டாம்.

இரண்டு முனையிலும் நடுவிலும் என மூன்று இடத்தில் அளந்தால் ஒரே நடைமேடையில் மூன்று கணக்கு வரலாம். தஞ்சாவூர்–நாகப்பட்டினம் பாதை 1861இல் அகலப் பாதையாக வந்து, பிறகு அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜாகி, மறுபடி அகலப் பாதையானது. மீட்டர் கேஜ் பெட்டிகளுக்குக் கட்டிய நடைமேடைகள் தாழ்வானவை. அகலப் பாதைக்காக உயர்த்திய இடத்திலும், ஜல்லி போட்டுத் தண்டவாளத்தைத் தூக்கும் ஒவ்வொரு பராமரிப்பிலும் நடைமேடை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வரும். போதாததற்கு நம்மூர்க் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் பாவிய கல் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அமுங்கும். இருட்டில் கால் இடறுவது இந்த இடத்தில்தான்.

மழைத் தண்ணீர் பாதையை நோக்கி வராமல் பின்பக்கம் ஓட, நடைமேடை 60க்கு 1 என்ற அளவில், அதாவது 60 பங்கு தூரத்துக்கு 1 பங்கு இறக்கமாக, பின்னோக்கிச் சரிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே தேங்கினால் ஐப்பசி அடைமழையில் அங்கே பாசி பிடிக்கும். நடைமேடையின் முனைச் சரிவை 'சக்கர நாற்காலி வசதி' என்று சிலர் எழுதுகிறார்கள். அது 6க்கு 1 சரிவு. சக்கர நாற்காலிக்கு 12க்கு 1 வேண்டும்.

கூரை இருக்கிறதா என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். 8 பெட்டி மெமு (மின்சாரப் பயணிகள் ரயில்) சுமார் 170 மீட்டர் நீளம். அது நிற்கும் இடத்தில் முதல் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே எத்தனை காலடி என்று எண்ணிக் குறித்தால், அந்தக் கூரை மழைக்கு உதவுமா இல்லையா என்று புரிந்துவிடும்.

டிக்கெட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஹால்ட் எனப்படும் சிறு நிறுத்தங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் முகவர் இல்லாத வேளையில், 10 ரூபாய் டிக்கெட் இல்லாமல் ஏறியவர் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். கைபேசியில் எடுக்கலாமே என்றால், நிலையத்துக்குள் நின்றுகொண்டு எடுக்கச் சுவரில் உள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். சாரலில் ஊறிய தாளையும் வெயிலில் வெளுத்த தாளையும் கேமரா படிக்காது. அந்தத் தாளை உங்கள் கைபேசியால் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கழிப்பறை பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

நிலையத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டை மூடிவிட்டுத் தண்டவாளத்தின் அடியில் சுரங்கப்பாதை கட்டியிருந்தால் அங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். இரு பக்கமும் வயல், வயலில் தண்ணீர். சுரங்கப்பாதையோ வயலைவிடத் தாழ்வு. மழை விட்ட பிறகும் ஊற்று நிற்காது. எனவே பம்பு இல்லாத சுரங்கப்பாதை கார்த்திகை வரை குளம்தான். பம்பு இருந்தாலும் தண்ணீர் சேரும் குழியில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்கிறதா, கரண்ட் போனால் ஓட்ட டீசல் மோட்டார் உண்டா, மோட்டார் அறைச் சாவி ஊருக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் மோட்டார் இருந்தும் பயனில்லை.

குறையைக் கண்டால் ரயில்வே உதவி எண் 139க்குச் சொல்லலாம். 'மேற்கு ஓரத்தில் கல் பெயர்ந்திருக்கிறது' என்றால் வருகிறவர் தேடி அலைவார். எதிரே உள்ள மின்கம்பத்தின் தகட்டில் கிலோமீட்டர் எண்ணும் அந்தக் கம்பத்தின் வரிசை எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் சொன்னால் நேரே அங்கே வந்து நிற்பார். தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பிகளில் 25,000 வோல்ட் ஓடுகிறது. நடை மேம்பாலத்தில் நின்று செல்ஃபி குச்சியை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம்.

நாளும் பார்த்துப் போக வேண்டும். திருநாகேசுவரத்தில் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் பார்க்கக் கூட்டம் சேர்வது ஞாயிறு ராகு காலத்தில், மாலை 4.30 முதல் 6 வரை. அந்த நிலையத்தைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்த்து 'அமைதியான நிலையம்' என்று எழுதுவதில் பொருளில்லை. ஞாயிறு இரவு ஏழு மணிக்கு, முடிந்தால் மழை நாளில், ஊர் திரும்பும் கூட்டத்தோடு நடைமேடையில் நின்று பாருங்கள்.

ரயில் பயணிகள் சிலர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.