சுஜாதாவோடு ஒரு வருடம்: வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, இந்த வருடம் முதன்முறையாக நம்மோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மாதம் ஓர் எழுத்தாளர் என்ற பழைய வழக்கத்தை விட்டு, வருடம் முழுக்க ஒருவரையே படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். சுஜாதா என்று முடிவானது. "அவரைத்தான் எல்லாரும் படிச்சாச்சே" என்று சிலர் தயங்கினார்கள். ஆளுக்கொரு சுஜாதாவைப் படித்திருக்கிறோம் என்பது கூட்டம் கூடக் கூடத்தான் தெரிந்தது. மூத்தவர்களுக்கு அவர் என்றால் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த். ஆசிரியைகளுக்கு ஸ்ரீரங்கத்துக் கதைகள். பொறியியல் படித்தவர்களுக்கு 'ஏன்? எதற்கு? எப்படி?' என்ற அறிவியல் கேள்வி பதில். பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. மனைவியின் பெயரில் எழுதிய ரங்கராஜன் என்று சொன்னதும் ஆச்சரியப்பட்டார்கள்.

12 மாதத்தில் 10 கூட்டங்கள் நடந்தன. ஒன்று மழையில் போயிற்று. இன்னொன்று, மண்டபத்தைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டதால் நின்றது. தேர்தலுக்கான மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராக சுஜாதாவுக்கும் பங்குண்டு என்பதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொண்டோம்.

1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' முதல் கூட்டத்துக்கு. கணேஷ் மட்டும்தான் அதில் உண்டு, வசந்த் பிறகுதான் வருகிறான். இரண்டாவது கூட்டம் 'ஆ'. காதில் குரல்கள் கேட்கும் ஒரு இளைஞனின் கதை. ஒவ்வோர் அத்தியாயமும் 'ஆ' என்ற எழுத்தில் முடியும். மூன்று அத்தியாயங்களை உரக்கப் படித்தோம். மூன்றாவது முடியும்போது மண்டபமே சேர்ந்து அந்த எழுத்தைச் சொன்னது. அப்புறம் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. அந்தக் குரல் மனநோயா, வேறெதுவுமா என்று அன்றிரவு வீட்டுக்குப் போயும் யோசித்தேன்.

அதிகம் சூடு பறந்தது 'கொலையுதிர் காலம்' கூட்டத்தில்தான். பண்ணை வீட்டில் நடப்பதற்கெல்லாம் விஞ்ஞானம் விளக்கம் தரும் என்கிறான் கணேஷ். பேய் என்கிறான் வசந்த். நம் ஆட்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்து, மண்டபத்தைப் பூட்ட வந்த காவலாளி வரை வாதத்தில் இழுத்தார்கள். நம் அலமாரிப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தது பெரிய குறை. முடிவு தெரியாமலே நான்கு பேர் வாதாடினார்கள். பிறகு ஒருவர் தன் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து முடிவை வாசித்துக் காட்டினார். அவருக்கு நன்றி.

'நகரம்' சிறுகதையை வாசித்த அன்று வேறு மாதிரி. காய்ச்சலில் துவளும் மகளுக்காக மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அறை அறையாக அலையும் வள்ளியம்மாள், கடைசியில் ஊருக்கே திரும்பிவிடுகிறாள். செவிலியாக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், தான் பணியாற்றிய நாட்களில் அப்படித் திரும்பிப் போன தாய்மார்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

1857 கலகத்தைப் பின்னணியாகக் கொண்ட 'ரத்தம் ஒரே நிறம்', நாடகங்கள், கணையாழி இதழில் எழுதிய கட்டுரைகள் எல்லாம் ஒரே கூட்டத்தில் அடங்கிவிட்டன. அது போதாது என்பதே என் கருத்து.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மே மாதக் கூட்டத்தில் 'என் இனிய இயந்திரா'வையும், குழந்தைகளுக்காக அவர் எழுதிய 'பூக்குட்டி'யையும் எடுத்தோம். விடுமுறை என்பதால் சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும் என்றதும் ஓரத்தில் பம்பரக் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்தான். "எங்க படிக்கும்? கையில எப்படிப் புடிக்கும்?" என்று கேட்டான். மறுவாரம் தனியாகவே வந்து புத்தகத்தை வாங்கிப்போனான். இரவல் பதிவேட்டில் அந்த ஒரு புத்தகத்துக்கு நேரே மட்டும் கோணல்மாணல் கையெழுத்தில் ஏழு பெயர்கள் இருக்கின்றன. ஏழும் பிள்ளைகள். பயமுறுத்தத் தெரிந்த அதே கைதான் அந்த நாய்க்குட்டியையும் எழுதியது என்பதை அவர்கள் வளர்ந்து 'ஆ' படிக்கும்போது கண்டுகொள்வார்கள்.

ஆகவே சனிக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் பிள்ளைகள் வாசிப்புக்கென ஒதுக்க வேண்டும், 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' என்ற ஜீனோ கதைகள் இரண்டிலும் கூடுதல் பிரதி வாங்க வேண்டும் என்று இந்தப் பொதுக்குழுவின் முன் தீர்மானம் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் போன புத்தகங்களில் ஐந்து இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர்கள் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வருடம் யாரைப் படிப்பது என்பதற்குச் சீட்டு கொடுத்திருக்கிறோம். பெயர் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடவும். இந்த முறை பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்