ராஸி எராஸ்மஸ் வெறும் வம்பு பார்ட்டி இல்ல சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல தென்னாப்பிரிக்க ரக்பி கோச் ராஸி எராஸ்மஸ் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கிரிக்கெட்டுக்கு நடுவுல ரக்பிக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கினதுக்கே தனியா ஒரு நன்றி சொல்லணும், ஆனா படிச்சு முடிச்சப்போ அந்த மனுஷன் ரெஃப்ரிய திட்டியும் ட்விட்டர்ல வம்பு இழுத்தும் கலர் லைட் காட்டியுமே உலகக்கோப்பைய தூக்கிட்டு போயிட்டாருங்கற மாதிரி தான் மனசுல நிக்குது. அது நியாயமா படல, அதான் எழுதுறேன்.

வம்பே பண்ணலன்னு சொல்ல வரல. 2021ல பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரங்க சேர்ந்த டீம்) வந்தப்போ முதல் டெஸ்ட்ல, அதாவது சர்வதேச மேட்ச்ல, தென்னாப்பிரிக்கா தோத்ததும் ரெஃப்ரி நிக் பெர்ரியோட தப்பையெல்லாம் அடுக்கி 62 நிமிஷ வீடியோ பண்ணாரே, அது தப்பு தான், ரெண்டு மாசம் தடையும் அதுக்கப்புறம் 2022 செப்டம்பர் வரைக்கும் மேட்ச் அன்னிக்கு கிரவுண்டு பக்கமே வரக்கூடாதுன்னதும் கிடைக்க வேண்டிய தண்டனை தான். தேசிய டீமோட பொறுப்புல இருக்குறவர் ஒரு ரெஃப்ரிய ஊரே பாக்குற மாதிரி நிக்க வச்சு கேள்வி கேட்டா அந்தாளுக்கும் அவர் குடும்பத்துக்கும் எப்படி இருக்கும். அதுல எனக்கும் உங்க கட்டுரையாளருக்கும் சண்டையே இல்ல.

ஆனா அவர் ஆட்டக்காரரா இருந்த காலத்த ஒரே வரில முடிச்சுட்டீங்க. ஈஸ்டர்ன் கேப் பக்கம் டெஸ்பாட்ச்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்து, 1997ல இதே லயன்ஸுக்கு எதிரா தான் முதல் டெஸ்ட் ஆடினாரு, ஃப்ளாங்கர்ங்கற இடத்துல, மொத்தம் 36 டெஸ்ட். 1999 உலகக்கோப்பை செமிஃபைனல்ல ஆஸ்திரேலியாவோட ஸ்டீபன் லார்கம் எக்ஸ்ட்ரா டைம்ல அடிச்ச டிராப் கோல்ல (பந்த தரைல விட்டு எழும்புறப்போ உதைக்கிறது) தோத்த டீம்ல இவரும் இருந்தாரு. ஆடுறத நிறுத்தினதும் ஃப்ரீ ஸ்டேட் சீட்டாஸ்ங்கற உள்ளூர் டீமுக்கு கோச் ஆகி 2005லயே கரீ கப்ப (தென்னாப்பிரிக்காவோட உள்நாட்டு கோப்பை) வாங்கி கொடுத்தாரு, 29 வருஷத்துக்கு அப்புறம் அந்த டீம் ஜெயிச்சது. ஸ்டேடியம் கூரைல இருந்து ஆட்டக்காரங்களுக்கு சிக்னலா கலர் லைட் காட்டின கதையெல்லாம் அந்த காலத்துது தான், அதுக்கு அவ்ளோ பெரிய படம் போட்டிருக்க வேணாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ரக்பி யூனியன்ல ஒரு மேட்சுக்கு 23 பேர், 15 பேர் ஆடுவாங்க, 8 பேர் பெஞ்சுல. அந்த 8ல வழக்கமா 5 ஃபார்வர்டு (முன்னாடி நின்னு முட்டி தள்ளுற பலசாலிங்க) 3 பேக்ஸ் (பின்னாடி நின்னு ஓடுறவங்க, கிக் அடிக்கிறவங்க). பெஞ்சுன்னாலே நம்ம ஊர் கல்யாணத்துல கடைசி பந்தி மாதிரி, மிச்சம் மீதி தான்னு எல்லா டீமும் நினைச்சுட்டு இருந்தப்போ இவர் 2019 ஜப்பான் உலகக்கோப்பைல 6 ஃபார்வர்டு 2 பேக்ஸ்னு மாத்தினாரு. எண்ணிக்கைய விடுங்க, யாரை உக்கார வச்சாருன்னு பாருங்க. மால்கம் மார்க்ஸ், உலகத்துலயே நம்பர் ஒன் ஹூக்கர்னு (ஃபார்வர்டு முன்வரிசைல நடுவுல நிக்கிறவர்) நிறைய பேர் சொல்ற ஆளு, ஃபைனல்ல பெஞ்சு! ஹூக்கருக்கு பக்கத்துல நிக்கிற ப்ராப் ஸ்டீவன் கிட்ஷாஃப், அவரும் பெஞ்சு. ரெண்டு டீம் ஃபார்வர்டும் கோத்துக்கிட்டு பந்துக்காக முட்டுற ஸ்க்ரம்ல தள்ளி தள்ளி எதிராளி மூச்சு வாங்குற நேரத்துல புதுசா இவங்க இறங்கினா என்ன ஆகும், இங்கிலாந்து 32-12ன்னு தோத்துச்சு. அந்த பெஞ்சுக்கு பாம் ஸ்குவாட்னு பேரு. ரிசர்வ்ல இருக்கோமேன்னு மூஞ்சிய தூக்கி வச்சுக்காம, பெஞ்சுல பேர் வந்தா பெருமைன்னு ஆக்கினாரு பாருங்க, தேசிய டீம் லெவல்ல ஆடினவங்க கிட்ட அத ஒத்துக்க வைக்கிறது சாதாரண வேலையா.

2023ல இன்னும் ஒரு படி மேல போய் 7-1. அதாவது ஒரே ஒரு பேக் தான் பெஞ்சுல, ரெண்டு பேக்ஸுக்கு அடிபட்டா கதை முடிஞ்சது. அயர்லாந்து கிட்ட அப்படி போய் 13-8 தோத்தாங்க, எல்லாரும் காறி துப்பினாங்க. மார்க்ஸுக்கு அடிபட்டு வீட்டுக்கு போனப்போ பதிலுக்கு இன்னொரு ஹூக்கர கூப்பிடாம கிக் அடிக்கிற ஹாண்ட்ரே போலார்ட கூப்பிட்டாங்க, அப்போ எனக்கே பைத்தியக்காரத்தனமா தான் பட்டுச்சு. ஃபைனல்ல நியூசிலாந்து கூட ஆரம்பிச்ச சில நிமிஷத்துலயே ஹூக்கர் போங்கி எம்போனாம்பி அடிபட்டு வெளிய போயிட்டாரு, 37 வயசு டியான் ஃபோரி கடைசி வரைக்கும் அந்த இடத்துல நின்னு தள்ளாட்டமா சமாளிச்சாரு, பந்து வெளிய போனா ஹூக்கர் உள்ள எறியுற லைன்அவுட்ல பந்து பல தடவை கைய விட்டு போச்சு. ஆனா 12-11ன்னு ஜெயிச்சப்போ அந்த 12 பாயிண்டும் போலார்ட் அடிச்சது. அதுக்கு முந்தின வாரம் இங்கிலாந்த 16-15ன்னு தாண்டினதும் பெஞ்சுல இருந்து வந்த ஆக்ஸ் எஞ்சே ஸ்க்ரம்ல பிழிஞ்சு எடுத்த பெனால்டிய போலார்ட் பாதி கிரவுண்டு தூரத்துல இருந்து உள்ள அனுப்பினதால தான். அந்த உலகக்கோப்பைல ஹெட் கோச்னு பேரு ஜாக் நீனாபருக்கு, ராஸி ரக்பி டைரக்டர், இத உங்க கட்டுரை கலந்து எழுதிடுச்சு, நீனாபருக்கும் பங்கு கொடுக்கணும்.

அப்புறம் சியா கொலிசி. 2018ல இவர் பொறுப்பேத்தப்போ டீம் கெடந்த கெடைய சொன்னா நம்ப மாட்டீங்க, முந்தின வருஷம் தான் நியூசிலாந்து கிட்ட 57-0ன்னு தோத்திருந்தாங்க. ஸ்வீடேங்கற டவுன்ஷிப்ல (கருப்பின மக்கள் வாழுற புறநகர் குடியிருப்பு) வறுமைல வளர்ந்த கொலிசிய முதல் கருப்பின டெஸ்ட் கேப்டனா போட்டாரு, கேப்டனா முதல் மேட்ச் எல்லிஸ் பார்க் ஸ்டேடியத்துல, இங்கிலாந்து கிட்ட 24-3 பின்னாடி இருந்து 42-39 ஜெயிச்சாங்க. கோட்டாவுக்காக போட்டதுன்னு முணுமுணுத்தவங்கள்லாம் ரெண்டு கோப்பைய அந்த கையில பாத்துட்டாங்க. இதுக்கு உங்க கட்டுரைல அரை வரி, வாட்டர் பாட்டில் தூக்கிட்டு கிரவுண்டுக்குள்ள ஓடினதுக்கு முழு பத்தி!

2025 செப்டம்பர்ல வெலிங்டன்லயே ஆல் பிளாக்ஸ, அதாவது நியூசிலாந்து டீம, ராஸியோட டீம் 43-10ன்னு அடிச்சது நியூசிலாந்து சரித்திரத்துலயே பெரிய தோல்வி, அதையும் விட்டுட்டீங்க.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். 2027ல ஆஸ்திரேலியால உலகக்கோப்பை வருது, அப்போ ஸ்கோர் கட்டத்துல 15 பேரோட நிறுத்தாம 23 பேரும் போடுங்க, யாரு எத்தனாவது நிமிஷம் இறங்கினாங்கன்னும் போடுங்க, இடம் பத்தலன்னா விளம்பரத்த கொஞ்சம் சுருக்கிக்கலாம்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன், மதுரை