தணிக்கை தீர்வாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பிற நாடுகளின் தேர்தல்களில் சர்வாதிகார அரசுகள் பொய்ச் செய்திகளைப் பரப்பித் தலையிடுவதற்குக் கடுமையான தணிக்கையே மருந்து என்று சிலர் வாதிடுவது எனக்குக் கவலை அளிக்கிறது. 2022-இல் அம்பலமான ரஷ்யாவின் 'டாப்பல்கேங்கர்' பிரசாரத்தில், பிரான்சின் 'லெ மோந்த்', ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' ஆகிய இதழ்களின் இணையப் பக்கங்கள் முத்திரையிலிருந்து பக்க வடிவமைப்பு வரை அச்சு அசலாக நகலெடுக்கப்பட்டிருந்தன. இணைய முகவரியின் கடைசி எழுத்துகள் மட்டுமே வேறு. அவசரத்தில் படிப்பவர் யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார். இத்தகைய மோசடியை, அது யாருடைய கைவேலை என்று உடனுக்குடன் ஆதாரத்தோடு வெளியிட்டால்தான் முறியடிக்க முடியும். பிரான்ஸ் 2021-இல் 'விஜினம்' என்ற கண்காணிப்பு அமைப்பையும், சுவீடன் 2022-இல் உளவியல் பாதுகாப்பு முகமையையும் நிறுவியது இதற்காகத்தான்.

தாமதித்தால் என்ன நேரும் என்பதை ருமேனியாவில் கண்டோம். வெளிநாடுகளில் வாழும் வாக்காளர்கள் இரண்டாம் சுற்றில் வாக்களிக்கத் தொடங்கிவிட்ட நிலையில், 2024 டிசம்பர் 6 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் வெளிநாட்டுத் தலையீடு பற்றிய உளவுத் துறையின் தகவல்கள் முதல் சுற்றுக்கு முன்பே மக்கள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

பொய்ச் செய்திகளை இனங்காண மக்களையும் பழக்க வேண்டும். பின்லாந்துப் பள்ளிகளில், புள்ளிவிவரங்களைக் கொண்டு எப்படிப் பொய் சொல்லலாம் என்பதைக் கணித வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். நாளிதழ்களும் தங்கள் பங்குக்கு, ஒரு செய்தி பொய் எனத் தெரிந்தால், அது வெளியான அதே பக்கத்தில் அதே அளவில் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்